கோட்டைச்சாமிக்கு வைத்த முகம்

கோட்டைச்சாமிக்குச் சிலை வைப்பது என்று கட்சி முடிவெடுத்தபோது, அவர் செத்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் எதிரே வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டு போன கட்சி அது. தீப்பெட்டி ஆபீஸ்களில் சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் நடத்தி, ஒருமுறை சட்டசபைத் தேர்தலுக்கும் நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்தவர் கோட்டைச்சாமி. அந்தத் தேர்தலில் அவரை மண்ணைக் கவ்வ வைத்ததும் இதே கட்சிதான். ஆனால் இப்போது 2006 தேர்தல் வந்துகொண்டிருந்தது. பட்டாசு ஆபீஸ் வேன்களில் ஏறி இறங்குகிற ஜனம் எந்தப் பக்கம் குத்தும் என்று தெரியாமல் ஒன்றியச் செயலாளர் சங்கரபாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒரு புத்திசாலி கோட்டைச்சாமியின் பேரை எடுத்துக் கொடுக்க, ஒரே வாரத்தில் மனுஷர் கட்சியின் முன்னோடி ஆகிவிட்டார். செத்துப்போனவர்களைக் கட்சியில் சேர்ப்பதில் ஒரு வசதி, அவர்கள் சீட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

சிலைச் செலவைப் பட்டாசுக் கம்பெனி முதலாளி காசிராஜன் ஏற்றுக்கொண்டார். அவருடைய தாத்தா பத்திரகாளி முதலாளியின் தீப்பெட்டி ஆபீசை எதிர்த்துத்தான் கோட்டைச்சாமி அந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் நடத்தினார். தாத்தாவை எதிர்த்தவருக்குப் பேரன் சிலை வைக்கிறார் என்றதும், எம்புட்டுப் பெரிய மனசு என்று ஊரே வாயைப் பிளந்தது. மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நகராட்சித் தலைவர் பதவி மேல் அவருக்கு ஒரு கண். வாயைப் பிளந்தவர்களுக்கு அது தெரியாததும் இல்லை.

கோட்டைச்சாமியின் ஒரே மகள் வள்ளித்தாய் அந்தக் காசிராஜன் கம்பெனியில்தான் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பானுப்பிரியாவுக்கும் அங்கேயேதான் வேலை, ஆனால் மருந்து ரூமில். வெடிமருந்தைக் குழலுக்குள் செலுத்துகிற இடம் அது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை அடைத்து வைத்திருப்பார்கள். சோதனைக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தால், பாதிப் பிள்ளைகளை மதில் சுவருக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் போய் உட்காரச் சொல்வார்கள். ஆள் போனதும் திரும்பவும் உள்ளே. சாயங்காலம் மகள் வேனில் ஏறி வந்து பக்கத்தில் உட்காருகிறவரை வள்ளித்தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"வள்ளித்தாயி, உங்கய்யா ஒனக்கு மட்டுமா ஐயா, ஊருக்கே ஐயால்ல," என்றார் சங்கரபாண்டியன், ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று. உள்ளே வரச் சொன்னதற்கு நேரமில்லை என்றார். "புதூர் விலக்குல, ரோடு பிரிஞ்சு வேன் நிக்கற எடத்துல, வெங்கலத்துல வைக்கப் போறோம். மொத மால நீதான் போடணும்."

"வீட்டுல ஐயா போட்டோ ஒண்ணுகூட இல்லையேண்ணே."

"அதெல்லாம் பழைய சங்க ஆபீஸ்ல ஒரு போட்டோ கெடச்சிருக்கு. திருத்தங்கல்ல நம்ம முத்துக்கிருஷ்ணன் பிரஸ்ல குடுத்து, சுத்தம் பண்ணிச் சிற்பிக்கு அனுப்பச் சொல்லியாச்சு. நீ பாட்டுக்கு வந்து மாலயப் போடு, போதும்."

வள்ளித்தாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஐயா சாகும்போது அவள் பாவாடை கட்டித் திரிந்த பிள்ளை. அவர் குரல் ஞாபகமிருந்தது, பீடி வாசம் ஞாபகமிருந்தது, முகம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. கட்சி என்ன கணக்குப் போட்டு வைத்தால் என்ன, தினமும் வேலைக்குப் போகும்போது விலக்கில் தலையைத் தூக்கினால் ஐயா முகம் தெரியும். அவளுக்கு வேண்டியது அந்த முகம்தான்.

திறப்பு விழாவுக்குக் காசிராஜன் கம்பெனியில் அரை நாள் லீவு விட்டார்கள். லீவு என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. வேன்களில் ஏற்றி நேராக விலக்குக்குக் கொண்டுவந்து வெயிலில் உட்கார வைத்தார்கள். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் கோட்டைச்சாமியோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். அந்த மனுஷருக்கு ஒரு தட்டுச் சோறு முழுசாகக் கிடைத்த நாள் எத்தனை என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். இதற்குள் வெண்கலம் என்று சொன்னது சிமெண்டாகி, சிமெண்டின் மேல் வெண்கலப் பெயிண்டாகியிருந்தது. அதைப் பற்றி மேடையில் யாரும் மூச்சு விடவில்லை.

பீடத்தின் பக்கத்தில் சாத்தியிருந்த படியில் மாலையோடு வள்ளித்தாயை ஏற்றிவிட்டார்கள். துணியை இழுத்தார்கள். முதலில் அவள் கண்ணில் பட்டது நாற்காலி. கோட்டைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் ஒரு சிமெண்ட் மாலையோடு. கூட்டங்களில் ஒரு இடத்தில் உட்காராத மனுஷர், உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவன் தூங்கிவிடுவான் என்று சொன்னவர் என்பது அவள் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். உப்பின கன்னம், இரட்டை நாடி, கொஞ்சம் தொங்கின கீழுதடு. அந்த உதட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆயுத பூசை அன்றைக்குக் கம்பெனி ஆபீசுக்குள் வரிசையாக விட்டுத் திருநீறு கொடுப்பார்கள். அங்கே விளக்கேற்றி மாலை போட்ட படத்தில், தலைப்பாகையோடு இருக்கிற பத்திரகாளி முதலாளியின் உதடு அது.

கீழே நின்ற சங்கரபாண்டியனைப் பார்த்து, "இது எங்கய்யா இல்லண்ணே, இது பத்திரகாளி மொதலாளி மூஞ்சி," என்றாள்.

வள்ளித்தாய் மாலையைத் தூக்கியதும் சரவெடியைப் பற்ற வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாலையோடு கையை நீட்டி அவள் வாயைத் திறந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் பத்தாயிரம் வாலா பற்றிக்கொண்டது. சிவகாசிக்காரன் ஒரு விழா நடத்தினால் பேச்சு காதில் விழுகிறதா என்றா பார்ப்பான், வெடி கடைசிவரை விட்டுப்போகாமல் வெடிக்கிறதா என்றுதான் பார்ப்பான். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சங்கரபாண்டியன் காதில் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி தலையாட்டினார். பிறகு படியில் இரண்டு எட்டு ஏறி, அவள் கையோடு சேர்த்து மாலையைப் பிடித்துச் சிலையின் கழுத்தில் போட்டுவிட்டார். புகைக்குள் போட்டோக்காரன் அதை அழகாக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் வேனில் அவள் இதைச் சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேனில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பாத்த ஒடனே தெரிஞ்சிச்சுக்கா," என்றாள் பக்கத்து வீட்டு ரோஜா. "சொல்லி என்ன ஆகப் போகுது. மூஞ்சியா முக்கியம், பேருதான் முக்கியம். பேரு உங்கய்யா பேருதான போட்டுருக்கு."

"ஒங்கப்பன் போட்டோவுல வேற ஒருத்தன் மூஞ்சிய ஒட்டி, பேரு சரியா இருக்குன்னா சும்மா இருப்பியா?"

ரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் பாண்டி பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளித்தாய் பஸ் பிடித்துத் திருத்தங்கல் போனாள். முத்துக்கிருஷ்ணன் பிரஸ்ஸில் தேர்தல் போஸ்டர் மலைபோல் குவிந்திருந்தது. இரண்டு கட்சிப் போஸ்டரும் ஒரே மிஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தன. முத்துக்கிருஷ்ணன் கெட்ட மனுஷர் இல்லை. தப்பை ஒத்துக்கொள்வதால் தனக்கு ஒன்றும் குறையாது என்று நினைக்கிற அளவுக்கு வசதியானவர். அவள் கேட்டதும் கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினார்.

போட்டோவில் ஒரு கூட்டம். நடுவில் மாலையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. காலி நாற்காலிக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர் நின்றுகொண்டு, பின்னாலிருந்த ஆட்களிடம் எதையோ சொல்வதற்காகத் தலையைத் திருப்பியிருந்தார். தலை அசைந்ததில் முகம் முழுக்கக் கலங்கிப்போயிருந்தது.

வள்ளித்தாய்க்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வேலைநிறுத்தம் முடிந்து இரண்டு தரப்பும் ராசியாகப் போகப் பேசின அன்றைக்கு எடுத்தது. முதலாளியும் சங்கமும் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டு வாங்கின இரண்டு நாற்காலி அவை. பேச்சு முடிந்து போட்டோ எடுக்கும்போது, சனம் எல்லாம் நிற்கிறது நான் மட்டும் எதுக்கு உட்கார என்று ஐயா எழுந்துவிட்டாராம். தொழிலாளிகள் அவருக்குப் போட்ட மாலையை, நமக்கு ஒருவர் போட்டால் அதைக் கழற்றி எதிரே இருக்கிறவருக்குப் போடுகிற நம் ஊர் மரியாதைப்படி, முதலாளி கழுத்தில் போட்டுவிட்டாராம். அம்மா இதைப் பெருமையாகச் சொல்லுவாள். எழுந்து நின்றதும் மாலையைக் கழற்றிக் கொடுத்ததும் சேர்ந்து இப்படி ஒரு வினையைக் கொண்டுவந்து வைக்கும் என்று அந்த மனுஷர் கண்டாரா.

"மாலயோட, நடுவுல, நாக்காலியில இருக்காரு. தலைவர்னா அவருதாம்னு நெனச்சேம்மா," என்றார் முத்துக்கிருஷ்ணன். "எத்தன வருசமா காலண்டர் போடுறேன், நின்னுக்கிட்டு இருக்கவரத் தலைவர்னு எவனும் ஆர்டர் குடுத்ததில்ல."

"பக்கத்துல நிக்கவுகள என்ன செஞ்சீக?"

"அழிச்சிட்டேன். படத்தச் சுத்தம் பண்றதுன்னா சுத்தி இருக்கவங்கள அழிக்கிறதுதானம்மா. பெறகு கன்னத்த மட்டும் லேசா உப்ப வச்சேன். காலண்டர்ல எந்தத் தலைவரும் ஒல்லியாப் போகக் கூடாது பாருங்க."

அவர் ஒரு பட்டனை அமுக்கினார். கலங்கின முகத்தோடு நின்றவர் இல்லாமல் போனார். அந்த இடத்தில் நீலமாக ஒரு வானம் வந்தது. செய்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. காசிராஜன் அண்ணாச்சியே நேரில் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்கு, ஒரு புள்ளிகூட மாத்தாத என்று சொன்னதாக அவராகவே சொன்னார். வள்ளித்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரஸ்காரர் தெரியாமல் செய்தார், காசிராஜன் தெரிந்தே விட்டிருக்கிறான்.

விஷயம் எதிர்க்கட்சிக்கு எட்டியது. அங்கே ஒன்றியச் செயலாளர் சின்னச்சாமி. அவர் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரெல்லாம் 'தியாகியின் முகத்தைத் திருடிய கூட்டமே' என்று போஸ்டர். போஸ்டரில் உண்மையான கோட்டைச்சாமி என்று ஒரு படம், கறுப்புக் கண்ணாடியும் தடித்த மீசையுமாக, அச்சு அசல் அந்தக் கட்சியின் மாவட்டத் தலைவர் சாயலில். அதையும் முத்துக்கிருஷ்ணன் பிரஸ்தான் அடித்தது. ஐயாவுக்கு இதோடு இரண்டாவது முகமும் வந்துவிட்டது. வள்ளித்தாயிடம் வந்து அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உண்ணாவிரதம் இருக்கச் சொன்னார்கள். "இதுவும் எங்கய்யா இல்ல," என்றாள். அவர்களுக்கு அவள் மேல் கோபம். நம்ம பக்கம் நிற்கத் தெரியாத பொம்பளை என்று பேசிக்கொண்டே போனார்கள்.

விலக்கில் இரண்டு கட்சியும் கல்லெறிந்துகொண்டன. ஒரு கல்கூடச் சிலை மேல் படவில்லை, டீக்கடைக் கண்ணாடிதான் போனது. போலீஸ் வந்து சிலைக்குச் சாக்கைச் சுற்றி, பக்கத்தில் இரண்டு காவலரை நிறுத்தியது. சாக்கு கழுத்து வரைக்கும்தான் எட்டியது, முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வேன் போகும்போதும் வரும்போதும் அந்த முகம் வள்ளித்தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் காசிராஜன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். படத்து முதலாளிக்குக் கீழே பேரன் முதலாளி உட்கார்ந்திருந்தார். மேலேயும் கீழேயும் ஒரே உதடு.

"சமாதானக் கூட்டம் போட்டிருக்காங்க. அதிகாரி ஒன்னத்தான் கேப்பாரு," என்றார். குரலில் அவ்வளவு குளுமை. "எங்கய்யாதான்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஊரு சண்டை தீரும். பானுப்பிரியாவ எதுக்கு இன்னும் மருந்து ரூம்ல போட்டு வச்சிருக்காங்க, எனக்கே தெரியாமப் போச்சு. நாளைக்கே லேபிள் ஒட்டுற எடத்துக்கு மாத்தச் சொல்லிருதேன்."

"இல்லன்னு சொன்னா, மொதலாளி?"

"நீ ஏன் இல்லன்னு சொல்லப் போற," என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். பானுப்பிரியா கை நகத்துக்குள் இருந்த அலுமினியத் தூளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத மினுமினுப்பு அது.

"சொல்லிட்டுத்தான் வாயேம்மா," என்றாள் நிமிராமல். "செத்துப்போனவுக மூஞ்சி என்னவா இருந்தா என்ன. நான் தினமும் அந்த ரூமுக்குள்ள மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கேன்."

மகள் கேட்டது நியாயம்தான். வள்ளித்தாய் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் எங்கய்யாதான்னு சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் சேலையை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினாள்.

சமாதானக் கூட்டத்தில் சமாதானத்தைத் தவிர எல்லாம் இருந்தது. வெள்ளை வேட்டிகள், கலர் சோடா, இரண்டு டி.எஸ்.பி. ஜீப், பத்திரிகைக்காரர்கள். முதலில் ராக்கப்பனைக் கேட்டார்கள். கோட்டைச்சாமியோடு சிறைக்குப் போனவர், இப்போதும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள். திறப்பு விழாவில் அவருக்கு ஒரு சால்வை போர்த்தியிருந்தார்கள், அந்த வெயிலிலும் அதைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

"அவரு மாதிரியும் இருக்கு," என்றார் ராக்கப்பன். "கொஞ்சம் சதை போட்டிருக்காரு. அம்புட்டுத்தான்."

செத்தபிறகு சதை போட்ட ஒரே ஆள் கோட்டைச்சாமியாகத்தான் இருக்கும். வள்ளித்தாய் அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி இளவயசுக்காரர், வெளியூர். அவளைப் பார்த்து, "சரிம்மா, நீங்க சொல்லுங்க. உங்க அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

"கறுப்பா, ஒல்லியா, மீச வச்சு..."

அதிகாரி ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தாம்மா இருக்காங்க. முகத்துல ஏதாவது அடையாளம்?"

எல்லோரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் கண்ணை மூடி ஐயாவை நினைத்தாள். பீடி வாசம் வந்தது. படலைத் திறந்துகொண்டு வருகிற சத்தம் வந்தது. ஐயா நிமிர்ந்தார். நிமிர்ந்த முகத்தில் உப்பின கன்னமும் தொங்கின உதடும் இருந்தன. இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். திரும்பவும் அதே முகம். இத்தனை நாளாக வேனிலிருந்து பார்த்துப் பார்த்து, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் அது தின்றுவிட்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் அது அங்கே நின்றால் ஐயா என்று கூப்பிட அவளுக்கு ஆளே இருக்காது.

"அடையாளம் தெரியலங்கய்யா," என்றாள். "ஆனா விலக்குல இருக்கது எங்கய்யா இல்ல. எடுத்துருங்க."

சங்கரபாண்டியன் எழுந்து ஏதோ கத்தினார். அதிகாரி கையைக் காட்டி உட்கார வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தப் பகுதியில புதுசா சிலை வைக்க இப்ப அனுமதி கிடையாது. இதை எடுத்தா எடுத்ததுதான். உங்க அப்பாவுக்கு அப்புறம் சிலையே இருக்காது."

"இல்லாமப் போகட்டும். எங்கய்யா பேருல அந்த மூஞ்சி இருக்கக் கூடாது."

அதிகாரிக்கு விட்டால் போதும் என்றிருந்தது. குடும்பத்தாரே மறுப்பதால் அகற்றுவது என்று முடிவு செய்தார். சிமெண்ட் சிலை, பெயர்த்து எடுக்க முடியாவிட்டால் அங்கேயே உடைத்து அப்புறப்படுத்தச் சொல்லி ஆட்களை அனுப்புவதாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இரண்டு கட்சியும் சத்தம் போடவில்லை. அவர்களுக்கு அதற்குள் வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

காசிராஜன்தான் எழுந்தார். "ஒடைக்கக் கூடாது சார்."

"உங்க செலவு வீணாகுதுன்னு புரியுது சார், ஆனா..."

"செலவு கெடக்கு சார். கடப்பாரையெல்லாம் படக் கூடாது." அவருடைய முகம் கறுத்துவிட்டது. "அது எங்க தாத்தா."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். சங்கரபாண்டியன் மேலே ஃபேனைப் பார்த்தார். ராக்கப்பன் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இவ்வளவு பேர் தெரியாது தெரியாது என்று சாதித்ததை, தாத்தா மேல் இருந்த பாசத்தில் ஒரு மனுஷன் போட்டு உடைத்துவிட்டான். பாசம் வைக்கத் தெரிந்தவன்தான், தன் தாத்தாவோடு அது நின்றுவிட்டது.

பானுப்பிரியாவை மாற்றவில்லை. மருந்து ரூமில் இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மகள் தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் சாப்பிட்டாள், அதோடு சரி. வேனில்கூடப் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். செய்தது சரிதான் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும், அந்தச் சரியை மகள் தலையில் இறக்கி வைத்திருக்கிறாள் என்பதும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனி கிரேன் விலக்குக்கு வந்தது. வேனுக்குக் காத்திருந்த ஜனம் வேடிக்கை பார்த்தது. தாத்தாவின் முகத்துக்கு வலிக்காமல் இருக்க இலவம்பஞ்சுத் தலையணை வைத்துக் கட்டினார்கள். மருந்து ரூமில் ஒரு பிள்ளைக்குக் கையுறை கேட்டால் கிடைக்காது. நாற்காலியோடு முதலாளி ஆகாயத்தில் ஏறி, ஆடிக்கொண்டே லாரியில் இறங்கினார். கம்பெனி கேட்டில் அவருக்குப் புதுப் பீடம் கட்டியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

லாரி போனபிறகும் கூட வந்த கம்பெனி மேனேஜர் போகவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பீடத்தில் பதித்திருந்த கருங்கல் பலகையைக் காட்டினார். 'தொழிலாளர் தலைவர் கோட்டைச்சாமி' என்று வெட்டின கல். உளி வைத்துப் பெயர்க்கச் சொன்னார்.

வள்ளித்தாய் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதுகைக் கல்லில் சாய்த்துக்கொண்டாள்.

"எந்திரி வள்ளித்தாயி. கல்லும் மொதலாளி செலவுதான்," என்றார் மேனேஜர்.

"மூஞ்சி உங்களுது, கொண்டுட்டுப் போயிட்டீக. பேரு எங்களுது. அதுல உங்களுக்கு என்ன சோலி."

"வேனுக்கு நேரமாச்சு. இன்னைக்கு வேலைக்கு வரலயா நீ?"

அவள் காலை நீட்டிக்கொண்டாள். கொத்தனார் உளியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் ரோஜா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருதான் முக்கியம்னு நாந்தானக்கா சொன்னேன் என்று சேலையை ஒதுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து இரண்டு பேர், அவர்களைப் பார்த்து நாலு பேர். பீடத்தைச் சுற்றி இடம் போதாமல் சாலையில் உட்கார்ந்தார்கள். பாண்டி ஹாரனை அமுக்கிப் பார்த்தான். பின்னாலேயே அடுத்த வேன்கள் வந்து நின்றன.

மேனேஜர் செல்போனில் பேசிக் கொஞ்ச நேரத்தில் காசிராஜனின் கார் வந்தது. சாலையில் பொம்பளைகள் உட்கார்ந்திருந்ததால் காரால் முன்னால் வர முடியவில்லை. அவர் கண்ணாடியை இறக்கினார். கேட்டில் தாத்தாவுக்குப் பாலபிஷேகம் நடக்கிற நேரம் அது. அவருடைய அவசரம் அவருக்கு.

"கல்ல விட்டுருங்கப்பா," என்றார் மேனேஜரிடம். பிறகு இவர்களைப் பார்த்து, "கல்லு இங்கனயே இருக்கட்டும். சரிதான? எல்லாரும் வேன்ல ஏறுங்க."

சிலர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். வள்ளித்தாயும் கையை ஊன்றினாள். அவள் தோளை ஒரு கை அழுத்தி உட்கார வைத்தது. பானுப்பிரியா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, தாய்க்குப் பின்னால் நின்றாள். மருந்து ரூம் பிள்ளைகள் எல்லோரும் அவளோடு நின்றார்கள்.

"கல்லு இருக்கட்டும் மொதலாளி," என்றாள் பானுப்பிரியா. "அந்த ரூமுக்குள்ள எத்தன பேர வைக்கலாம்னு மொதல்ல சொல்லுங்க. அதப் பேசி முடிச்சிட்டு ஏறுவோம்."

காசிராஜன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

தோளில் இருந்த மகளின் கையை வள்ளித்தாய் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் அந்த மினுமினுப்பு. பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும் மகள் அவளைத் தொட்டு. சாலையில் வெயில் ஏறியது. எழுந்திருக்கப் பார்த்தவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். வேன் டிரைவர்கள் ஒவ்வொருவராக இன்ஜினை நிறுத்தினார்கள்.